மொதல்லேருந்து மாஸ்டரும் முடிவு தெரியாத பாட்டும்

தமிழ்நாட்டில் மெல்லிசைக் குழு நடத்தியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் மூன்று வருஷம் குழு நடத்தி, தினமும் ஒத்திகை பார்த்து, ஒரே ஒரு பாட்டைக்கூட முடிக்காத மகான் ஒருவர்தான். அவர் எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. அம்மா அப்பா அவருக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டில் தேடினால் கிடைத்திருக்கும். ஊருக்கு அவர் ‘மொதல்லேருந்து’ மாஸ்டர்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார். பத்தாவது முடித்த பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பெற்றவர்களுக்குப் பொறுக்காத காலம் அது. ‘போய் டைப்பாவது கத்துக்கோ’ என்று தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித் தள்ளிவிடப்பட்டவன்தான். ஒரு பக்கம் முழுக்க அடித்து, கடைசி வரியில் ஒரு எழுத்து மாறிப்போனால் போதும். மாஸ்டர் பின்னாலிருந்து வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், மிஷினிலிருந்து தாளை உருவிவிட்டுப் புதுத் தாளை மாட்டுவார். “மொதல்லேருந்து” என்பார். அவ்வளவுதான். அந்த வார்த்தையைக் கேட்டு அழாத பெண் பிள்ளை எங்கள் பேட்ச்சில் கிடையாது. பையன்கள் கழிப்பறைக்குப் போய் அழுதார்கள்.

மனிதர் ஊருக்குத்தான் இந்தச் சட்டம் வைத்தார் என்று நினைக்காதீர்கள். தனக்கும் அதேதான். சட்டைப் பித்தானை ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டால் அந்த ஒரு பித்தானை மட்டும் சரி செய்ய மாட்டார். சட்டையையே கழற்றி, உதறி, மறுபடி மாட்டுவார். ஒருநாள் தாசில்தார் எதிரே வந்தபோது இவர் சொன்ன வணக்கத்தில் தொண்டை கொஞ்சம் கரகரத்துவிட்டது. மாஸ்டர் திரும்பி நடந்து, டீக்கடையைச் சுற்றிக்கொண்டு வந்து, கனைத்துத் தொண்டையைச் சரி செய்துகொண்டு, புதிதாகப் பார்ப்பதுபோல ஒரு வணக்கம் வைத்தார். தாசில்தாரும் என்ன செய்வார், பாவம், மறுபடி ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

பெண் பார்க்கப் போன கதை இதைவிட மோசம். வாசற்படி ஏறும்போது இடது காலை முதலில் வைத்துவிட்டாராம். கூட வந்த பெரியவர்களெல்லாம் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டர் மட்டும் “ஒரு நிமிஷம்” என்று வெளியே போய், தெருமுனையிலிருந்து புறப்பட்டு, நிதானமாக வலது காலை வைத்து வந்தார். அதற்குள் பெண் வந்து காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டது. மறுபடி வரச் சொன்னார். பெண் வரவில்லை. பெண்ணின் அப்பாதான் வந்தார், அதுவும் வழியனுப்ப.

இப்பேர்ப்பட்டவருக்கு சங்கீதப் பைத்தியம் வேறு. ஆர்மோனியம் அற்புதமாக வாசிப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு வகுப்பு முடிந்ததும் டைப்ரைட்டர்களுக்கெல்லாம் உறை போட்டு மூடிவிட்டு, மேஜைகளை ஓரமாக ஒதுக்கி, இன்னிசைக் குழுவைக் கூட்டுவார். டோலக் மணி. இவன் பகலில் சைக்கிள் கடை வைத்திருந்தான். பாட்டுக்கு கஸ்தூரி. எங்கள் பேட்ச்சிலேயே படித்துவிட்டு ஒரு ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தவள். கஸ்தூரிக்குக் காவலாக அவள் அம்மா, வெற்றிலைப் பெட்டியோடு. புல்லாங்குழலுக்கும் கிட்டாருக்கும் சங்கராபுரத்திலிருந்து இரண்டு பேர் வந்துபோவார்கள். கடைசியாக நான். குலுக்கினால் சலசலக்கிற ஒரு வாத்தியத்தை என் கையில் கொடுத்திருந்தார்கள். அதற்கு இங்கிலீஷில் பெரிய பெயர் உண்டு. பார்க்கிறவர்களுக்குக் கிலுகிலுப்பைதான்.

குழுவுக்குப் பெயர் கிடையாது. குறையில்லாத ஒரு பெயர் கிடைக்கட்டும் என்று மாஸ்டர் காத்துக்கொண்டிருந்தார். போர்டு எழுதுகிறவன் ‘இன்னிசைக் குழு’ என்று மட்டும் எழுதி, முன்னால் இடம் விட்டுவைத்திருந்தான்.

ஒத்திகை எப்படி நடக்கும் தெரியுமா? பல்லவி அமர்க்களமாகப் போகும். முதல் சரணத்தில் கால் வைப்போம். மணி ஒரு தட்டு பிந்திவிடுவான், அல்லது கஸ்தூரி ஒரு மூச்சு முந்திவிடுவாள், இரண்டும் இல்லாவிட்டால் என் கிலுகிலுப்பை இருக்கவே இருக்கிறது. மாஸ்டரின் வலது கை மேலே எழும்பும். எல்லோரும் கப்பென்று நிறுத்திவிடுவோம். “மொதல்லேருந்து.” அப்புறம் மணியின் மடியிலிருந்து டோலக்கை வாங்கி அவரே வாசித்துக் காட்டுவார். கஸ்தூரிக்கு அவரே பாடிக் காட்டுவார். என் கிலுகிலுப்பையைப் பிடுங்கிக் குலுக்கியும் காட்டுவார். எங்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு, அந்த மனுஷர் ஒருவரே மொத்தக் குழுவாகவும் வாசிக்கப் பார்த்தார். சந்தேகமில்லாமல் எங்களைவிட நன்றாகத்தான் வாசித்தார். அதுதான் இன்னும் எரிச்சல்.

இப்படியே மூன்று வருஷம். எந்தப் பாட்டுக்கும் இரண்டாவது சரணம் என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. கீழ் வீட்டு சரசம்மா ஒருநாள் மாடியேறி வந்து கும்பிட்டே விட்டாள்.

“யப்பா மாஸ்டரு, ஒன்னிய கையெடுத்துக் கும்பிடறேன். அந்தப் பாட்டு கடசில இன்னாதான் ஆவுதுன்னு ஒரே ஒரு தபா பாடிக் காமிச்சிடுப்பா. ராத்திரில தூக்கம் வர மாட்டன்னுது.”

“இன்னும் ரெடி ஆகலம்மா” என்றார் மாஸ்டர்.

கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டால் இதே பதில்தான். ஒரே ஒரு தடவை ஆசைப்பட்டு ஒப்புக்கொண்டார். மேடைக்குப் பின்னால் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தார். தேர் கிளம்பி, நான்கு வீதியும் சுற்றி, நிலைக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் பல்லவியிலேயே நின்றுகொண்டிருந்தோம். ஜனங்கள் தேங்காய் பழத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அப்போதெல்லாம் எங்களுக்கு அது வெறும் சிரிப்புதான். சிரிப்பு கசந்துபோனது அவர் தங்கை செல்வியின் கல்யாணத்தில்.

மாஸ்டரின் சொந்த வீடு மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்தில். அப்பா காலமாகிவிட்டார். வீட்டுக்குப் பெரியவர் இவர்தான். செல்விக்கு மணலூர்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன். ஆனால் மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் இருந்தார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மீசையை முறுக்கிக்கொண்டு ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: முதல்நாள் சாயங்காலம் கச்சேரி வேண்டும். “பாட்டுக் கச்சேரி இல்லாத கல்யாணத்துக்கு எங்க சனம் வந்து குந்தாது” என்றுவிட்டார்.

செல்வி அண்ணனிடம் ஆசையாகக் கேட்டிருக்கிறாள். “ண்ணா, நீயே உன் ஆளுங்கள கூட்டிக்கினு வந்து வாசிண்ணா.”

மாஸ்டர் சேலத்துக்குப் போய் ஒரு பெரிய குழுவுக்கு வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தார். எங்களுக்கு அழைப்பிதழ் கொடுக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தங்கச்சி கல்யாணம் பாரு. அதுல ஒரு தப்பு வந்துடக் கூடாது.”

மணி டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மாடியிறங்கிப் போனான். மறுநாள் ஒத்திகைக்கு வரவில்லை. அதற்கும் மறுநாள் கஸ்தூரி வரவில்லை. அவள் அம்மா மட்டும், மறந்து வைத்துவிட்டுப் போன பாக்குவெட்டியை எடுக்க வந்தாள். “எம் பொண்ணு தப்புதான் மாஸ்டர். இருந்துட்டுப் போவட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் பற்றிக்கொண்ட வருஷம் அது. கல்யாண வாரத்தில் சாலை மறியல் ஆரம்பித்தது. ஊருக்கு ஊர் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, ஆபீஸ் இல்லை. மணலூர்பேட்டைக்காரர்கள் முன்கூட்டியே சேதி தெரிந்து, மறியலுக்கு முந்தின நாளே இரண்டு லாரியில் கச்சிராயபாளையம் வந்து இறங்கிவிட்டார்கள். வந்தவர்களுக்கு வேலை என்ன? சாப்பிடுவது, தூங்குவது, எழுந்ததும் “கச்சேரி எப்ப?” என்று கேட்பது.

கச்சேரி நாளன்று காலையில் தபாலாபீஸுக்கு போன் வந்தது. சேலத்துக் குழு ஆத்தூர்வரை வந்து, வழியில்லாமல் திரும்பிப் போய்விட்டது.

நானும் மணியும் கள்ளக்குறிச்சியில் அவன் சைக்கிள் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஊரே அடங்கிக் கிடந்ததால் வேலை ஒன்றும் இல்லை. மணி மட்டும் யாருடையதோ ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் தேடிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு சைக்கிள் வந்து விழுந்தது. நிறுத்தியதல்ல, விழுந்ததுதான். மாஸ்டர். வேட்டி முழுக்க மண், முழங்கையில் சிராய்ப்பு. கச்சிராயபாளையத்திலிருந்து மரத்துக்கு மரம் சைக்கிளைத் தூக்கித் தாண்டிக்கொண்டு வந்திருக்கிறார். சட்டையில் பித்தான் மாறியிருந்தது. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

விஷயத்தைச் சொன்னார். மணி டியூபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அடுத்த வருசம் சேலத்துக்காரங்க வருவாங்க மாஸ்டர். தப்பில்லாம வாசிப்பாங்க. வெயிட் பண்ணுங்க.”

மாஸ்டர் முகம் வெளுத்தது. “மணி, நான் உன்ன நம்பாம... இல்ல, அப்படி இல்ல. மொதல்லேருந்து சொல்றேன். மணி, உன் வாசிப்பு மேல எனக்கு... ப்ச், இதுவும் சரியில்ல.”

கடைப் படியிறங்கி வெளியே போய், மறுபடி ஏறி வந்தார். மன்னிப்பையும் அந்த மனுஷர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்!

“மணி. அன்னிக்கி நான் சொன்னது...”

“யோவ் மாஸ்டரு!” மணிக்குப் பொறுக்கவில்லை. “தப்புந்தவறுமாவே சொல்லித் தொலைய்யா. எங்களுக்குப் புரியும்.”

மாஸ்டர் அப்படியே பழைய டயர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். “செல்விய காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்கடா” என்றார். “ஒரு கச்சேரிக்குக்கூட வக்கில்லாத வூட்ல பொண்ணு எடுத்தோம்னு. சோறு போடும்போதுலாம் சொல்லுவாங்க. அப்பா இல்லாத பொண்ணுடா.” வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மணி டியூபை வாளியிலேயே போட்டான். “இத மொதல்ல சொல்றதுக்கு இன்னா? டேய், போய் கஸ்தூரியக் கூட்டிக்கினு வாடா” என்று என்னை விரட்டிவிட்டு டோலக்கை எடுத்தான்.

சங்கராபுரத்து ஆட்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டிருந்தார்கள். குழுவில் மிச்சம் நாங்கள் நாலு பேர், கஸ்தூரியின் அம்மாவையும் சேர்த்தால் ஐந்து. கச்சிராயபாளையம் பக்கம் காலியாகத் திரும்பிப் போகிற கரும்பு வண்டி ஒன்று கிடைத்தது. ஆர்மோனியத்தையும் கஸ்தூரியையும் அவள் அம்மாவையும் அதில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் பின்னால் நடந்தோம். மரம் கிடந்த இடத்திலெல்லாம் வண்டி வயலில் இறங்கி ஏறியது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஆர்மோனியம் தானாகவே ஒரு முனகல் முனகியது. மாஸ்டருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பாதி வழியில் ஒரு பெரிய புளியமரம். அதன்மேல் பத்துப் பதினைந்து இளவட்டங்கள்.

“யார்ரா அது? நாங்க மறிச்சிக்கினு இருக்கறோம், வண்டி கட்டிக்கினு வர்றானுங்க!” என்று ஒருவன் குதித்து இறங்கினான். கிட்டே வந்தவன் சட்டென்று கையிலிருந்த பீடியைப் பின்னால் மறைத்தான். “அய்யய்யோ, மாஸ்டர்!”

எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் படித்த குமரேசன். ஒரே பக்கத்தை ஒரு மாதம் முழுக்க மொதல்லேருந்து அடித்தவன்.

“குமரேசா? நீ டைப்புல ஹையர் வரைக்கும் பாஸ் பண்ணவனாச்சேடா. இங்க இன்னாடா பண்ற?”

“பாஸ் பண்ணிட்டு வூட்லதான் குந்திக்கினு இருக்கறன் மாஸ்டர். வேல எங்க கெடைக்குது? அதான் எங்களுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கச் சொல்லி ரோட்ல குந்திட்டோம்.”

மாஸ்டர் அவனையே பார்த்தார். “நீ ஒரு தப்புகூட இல்லாம அடிச்சியேடா.”

“ஆமா மாஸ்டர்” என்று குமரேசன் சிரித்தான். “தப்பில்லாம அடிச்சா போதும், மீதி தானா வரும்னு நீங்கதான சொன்னீங்க.”

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, “கல்யாணத்துக்குப் போற வண்டிய மறிக்கறதா? புடிங்கடா ஒரு கை” என்று கூட்டாளிகளைக் கூப்பிட்டு, கஸ்தூரியின் அம்மாவோடு சேர்த்து வண்டியை வயல் வழியாகத் தள்ளிக் கரையேற்றிவிட்டான். “சாயங்காலம் நாங்களும் வர்றோம் மாஸ்டர். ஆளு மாத்தி ஆளு குந்த வெச்சிட்டு வந்துடறோம்” என்று கத்தினான். அங்கிருந்து ஊர் போய்ச் சேரும்வரை ஆர்மோனியம் முனகியதை மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பந்தலில் மணலூர்பேட்டைப் பெரியப்பா நாற்காலியை மேடைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இன்னா தம்பி, கச்சேரி இந்தக் கல்யாணத்துக்கா, அடுத்ததுக்கா?” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வி ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கூட்டம் என்னவோ நிரம்பி வழிந்தது. வெளியூர் ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. ஆனால் கல்வராயன் மலையிலிருந்து, செல்வியின் அப்பாவோடு பழகிய குடும்பங்கள் தேனும் தினையும் எடுத்துக்கொண்டு ஒருவர் விடாமல் இறங்கி வந்துவிட்டார்கள். அவர்கள் ஊருக்கு ரோடே கிடையாது. இல்லாத ரோட்டை யார் மறிக்க முடியும்?

விளக்கு போட்டதும் மைக் செட்காரன் வந்து கேட்டான். “குழுவுக்குப் பேரு இன்னாங்க?”

மாஸ்டர் விழித்தார். மணி அவனிடம் ஏதோ சொன்னான். அடுத்த நிமிஷம் புனல் ஸ்பீக்கர் கோமுகி அணைவரைக்கும் முழங்கியது: “இப்பொழுது உங்கள் முன்னால், கள்ளக்குறிச்சி மொதல்லேருந்து இன்னிசைக் குழு!”

அதுவரை அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்கிய பெயர். மாஸ்டர் ஆர்மோனியத்தில் கை வைத்தார்.

பல்லவி ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, மூன்று வருஷம் அரைத்த பல்லவி! பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையைக் காய விட்டுக்கொண்டு கேட்டார்கள். பெரியப்பா நாற்காலியைக் கால்வாசி திருப்பினார். முதல் சரணம், அதுவும் பழுதில்லை. இடையில் வாத்தியம், அதுவும் போயிற்று. அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. அடுத்தது இரண்டாவது சரணம். அந்த இடத்துக்கு நாங்கள் ஒருநாளும் போனதே இல்லை!

கஸ்தூரி திரும்பி எங்களைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வார்த்தை வந்தால்தானே? நின்றுவிட்டாள். தப்பு வந்தால் நிறுத்திப் பழகிய கை அல்லவா எங்களுக்கு? மணியும் நிறுத்தினான், நானும் நிறுத்தினேன். ஸ்பீக்கர் மட்டும் ‘ங்ஙொய்’ என்று இரைந்துகொண்டிருந்தது.

பெரியப்பா மெதுவாக எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் சனமும் பின்னாலேயே எழுந்திருக்க ஆரம்பித்தது. மேடை ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்த செல்வி குனிந்த தலையை நிமிர்த்தி அண்ணனைப் பார்த்தாள்.

மாஸ்டரின் வலது கை எழும்பியது. எங்களுக்குத் தெரிந்த கை. வாய் திறந்தது.

“மொ...”

மைக் அதைப் பிடித்து ஊர் முழுக்க “மொ...” என்றது. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். தங்கையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்புறம், அந்த மனுஷர் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது எங்களுக்கு அதுவரை தெரியாது.

“போ! போய்க்கினே இரு! தப்பா இருந்தாலும் போ!”

மணி டோலக்கில் போட்டான் ஒரு போடு. கஸ்தூரி ‘ல ல லா’ என்று குதித்தாள். மெட்டு தெரியும், வார்த்தைதான் இல்லை. இரண்டு வரி ‘லா’வுக்குப் பிறகு அவளுக்கே துணிச்சல் வந்துவிட்டது. வாய்க்கு வந்ததையெல்லாம் கட்ட ஆரம்பித்தாள். கோமுகித் தண்ணியில வெளஞ்ச கரும்பு எங்க செல்வி என்றாள். பெண்ணையாத்து மணல்ல பொறந்த சிங்கம் மாப்பிள்ளை என்றாள். எழுந்து நின்ற பெரியப்பா கண்ணில் பட்டார். விடுவாளா? அந்த மீசையில ஊஞ்சல் கட்டி ஆடப் போவுது பேரப்புள்ள என்று ஒரு இழு இழுத்தாள்.

மணலூர்பேட்டைப் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். இத்தனை வருஷமாக அந்த மீசையைப் பார்த்து ஒருத்தியும் சிரித்திருக்க முடியாது. மலையிலிருந்து வந்தவர்கள் கைதட்டித் தாளம் பிடித்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் எழுந்து ஆடவே ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் குமரேசன் கோஷ்டியும் வந்து சேர்ந்து விசில் பறக்கவிட்டது. பெரியப்பா சிரிக்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் பாடுபட்டுப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியை மேடைப் பக்கம் நன்றாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவர் சனமும் உட்கார்ந்தது.

அடுத்த சங்கடம், பாட்டை எப்படி முடிப்பது? யாருக்கும் தெரியாது! மாஸ்டர் மணியைப் பார்க்க, மணி என்னைப் பார்க்க, பாட்டு செக்கு சுற்றுகிறது. மறுபடி பல்லவி, மறுபடி பெரியப்பா மீசை, மறுபடி பல்லவி. கடைசியில் கஸ்தூரியின் அம்மா மேடை ஓரத்திலிருந்து, “போதும் நிறுத்துங்கடா! எம் பொண்ணுக்குத் தொண்ட வறண்டுபோச்சி!” என்று கத்தினாள். நிறுத்தினோம். பந்தல் அதிர்ந்தது. அதுவும் பாட்டில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு நடந்த தப்புகளுக்குக் கணக்கில்லை. என் கிலுகிலுப்பை உடைந்து உள்ளே இருந்த விதையெல்லாம் மேடையில் சிதறியது. மாஸ்டர் என்னை முறைப்பார் என்று நடுங்கினேன். அவர் ஒரு பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் என் மடியில் போட்டுவிட்டு, “தட்டு, தட்டு!” என்றார். சோகப் பாட்டுக்கு மணி கும்மாளத் தாளம் போட்டுவிட்டான். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். நான்காவது பாட்டில் மாஸ்டரே சுரம் தப்பி வேறு எங்கேயோ போய் இறங்கினார். மூன்று வருஷத்தில் அவர் விட்ட முதல் தப்பு. நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் “போய்க்கினே இரு மாஸ்டர்!” என்று கத்தினோம். மனுஷர் சிரித்தார் பாருங்கள்! அவருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். ஆர்மோனியத்தை மூடிவிட்டு எழுந்தார். “மணி, நீ பாத்துக்க” என்றார். அவ்வளவுதான். மேடையைவிட்டு இறங்கிவிட்டார். அவர் இல்லாமல், அவர் கை எழும்பாமல், நாங்கள் ஒரு பாட்டைத் தொடங்கி முடிக்கவும் செய்தோம். மாஸ்டர் பெரியப்பாவுக்குக் காபி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, “நம்ம பசங்கதாங்க. எல்லாம் நம்ம பசங்க” என்று பக்கத்திலிருந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சேலத்துக்காரன் வந்திருந்தா எம் மீசையப் பாடியிருப்பானா?” என்று பெரியப்பா தீர்ப்பு சொன்னார். பேரனுக்குக் காதுகுத்தும்போது நாங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று கையோடு வெற்றிலை பாக்கும் வைத்துவிட்டார். செல்வியை அந்த வீட்டில் காலத்துக்கும் சொல்லிக் காட்டத்தான் செய்தார்கள், “எங்க மருமவ கல்யாணத்துக் கச்சேரி மாதிரி எங்கயும் பாக்கல” என்று.

அதற்கப்புறம் எங்கள் குழு போகாத திருவிழா இல்லை. மாஸ்டரின் சட்டைப் பித்தான் விவகாரமெல்லாம் அப்படியேதான் இருந்தது. வணக்கத்தைத் திருப்பிச் சொல்லும் வழக்கமும் போகவில்லை. மேடையில் மட்டும் அந்த வலது கை அதற்கப்புறம் எழும்பியதே இல்லை.

அந்தக் கச்சேரிக்கு மறுநாள், கல்யாணத்தன்று காலையில் முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மாஸ்டர்தான் பாயச வாளியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். மணிக்கு வழக்கம்போல வாய் சும்மா இருக்கவில்லை.

“மாஸ்டர், ஊருக்குப் போனதும் ரிகர்சல் உண்டா?”

மாஸ்டர் அவன் இலையில் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாக ஊற்றினார்.

“இன்னாத்துக்குடா? அதான் நல்லா வாசிக்கறீங்களே” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் ‘நல்லா’ அது. மணி தலையைக் குனிந்துகொண்டான். பாயசத்தைத் தொடாமல் வெகுநேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். என் கதியும் அதேதான். அந்த மனுஷர்மேல் எங்களுக்கு அவ்வளவு ஆசை என்பதை அன்றைக்குவரை நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.